ஜூலை 1 எங்களுக்கு மட்டும்தானா?

மின்கட்டணத்தை நிர்ணயிக்கும் ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

குளச்சல் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் நான். மின்பொறியாளர் இல்லை. பொருளாதாரமும் படித்ததில்லை. மாதம் பிறந்தால் கரண்டு பில்லை வரி வரியாகப் பார்த்து, போன மாதத்தோடு ஒப்பிட்டு, ஏன் கூடியது என்று முதலாளிக்குப் பதில் சொல்லும் வேலை பதினாறு வருடமாக என் தலையில் இருக்கிறது. பில்லில் உள்ள தொகைக்கு நான் பதில் சொல்லிவிடுவேன். அந்தத் தொகைக்குப் பின்னால் இருக்கும் கணக்குக்கு யார் பதில் சொல்வது என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஐஸ் எப்படி உறைகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலுக்கு மூலப்பொருள் தண்ணீரும் கரண்டும்தான். பெரிய தொட்டி நிறைய உப்புத்தண்ணீர். அதற்குள் வரிசை வரிசையாகத் தகரக் கேன்கள், கேன்களுக்குள் நல்ல தண்ணீர். அம்மோனியா கம்ப்ரசர் ஓட ஓட உப்புத்தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே குளிரும், ஆனால் உறையாது. கேனுக்குள் இருக்கும் தண்ணீர் ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே உறைந்துகொண்டு வரும். ஒரு பெரிய ஐஸ் பார் முழுசாக உறைய ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். இடையில் கரண்டு போய்க் கிடந்தால், கேனைத் தூக்கிக் கவிழ்க்கும்போது பாரின் நடுவில் குழாய் போல ஓட்டை விழுந்து தண்ணீர் ததும்பும். அந்தப் பாரை எந்தப் படகுக்காரரும் முழு விலைக்கு ஏற்றமாட்டார். கடலில் போய்க் கரைந்துவிட்டால் பிடித்த மீன் கெட்டுப்போகும் என்பது அவருக்குத் தெரியும்.

இப்படி ராப்பகலாக ஓடும் கம்ப்ரசரை ஜூன் 1 அன்று ஏறக்குறைய நிறுத்திவிடுகிறோம். மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடை. தடைக்குள் வராத வள்ளக்காரர்களுக்காக ஓரமாகக் கொஞ்சம் ஐஸ் போடுவதோடு சரி.

அதே இரண்டு மாதத்தில் நீங்கள் ஆரல்வாய்மொழிப் பக்கம் வந்து பார்க்கவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்க்குள் நெருக்கியடித்துக்கொண்டு நுழையும். ஸ்கூட்டரில் போனால் வண்டியையே ஓரத்துக்குத் தள்ளும். முப்பந்தல் முழுக்கக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். ஏறத்தாழ 1,500 மெகாவாட், நாட்டிலேயே பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று. மலையடிவாரத்தில் காற்றாலை சுற்றுகிறது, கடற்கரையில் எங்கள் கம்ப்ரசர் நிற்கிறது, சரியாக அந்த நேரம் பார்த்து ஜூலை 1 வந்து கட்டணத்தை ஏற்றிவிட்டுப் போகிறது.

ஜூலை 1 என்பது உங்கள் 2022 ஆணை வைத்த தேதி. அந்த ஆண்டு செப்டம்பர் 10 அன்று பெரிய உயர்வு வந்தது. அதோடு, 2026-27 வரை ஒவ்வொரு ஜூலையும் நுகர்வோர் விலைக் குறியீடு ஏறிய அளவு அல்லது 6 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது தானாக ஏறும் என்றும் எழுதப்பட்டது. அப்படியே 2023-இல் 2.18, 2024-இல் 4.83, 2025-இல் 3.16 சதவீதம். 2023-லும் 2025-லும் வீடுகளுக்கு ஏறாமல் அரசு தாங்கிக்கொண்டது. சரி, நன்றி.

எங்களைப் போன்ற கம்பெனிகளுக்கு அடி விழுந்தது யூனிட் விலையில் மட்டும் இல்லை. தாழ்வழுத்த இணைப்பில் இயங்கும் தொழிற்கூடங்களுக்கு 2022-இல் யூனிட் 6.35 ரூபாயிலிருந்து 7.50 ஆனது. அதைக்கூட ஐஸ் விலையில் கொஞ்சம், லாபத்தில் கொஞ்சம் என்று சமாளித்துவிடலாம். நிலைக்கட்டணம் கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாயாக இருந்தது. 50 கிலோவாட் வரை 75 ஆகவும், அதற்கு மேல் 150 ஆகவும் ஆனது. 100 கிலோவாட் இணைப்பு வைத்திருப்பவர் 3,500 கட்டிய இடத்தில் 15,000. ஐஸ் உறைந்தாலும் உறையாவிட்டாலும் 15,000. தடைக்காலத்திலும் 15,000. உயர் அழுத்த இணைப்பு வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளுக்கு கேவிஏ-வுக்கு (அவர்கள் இணைப்பை அளக்கும் அலகு) 350 ரூபாய் என்பது 550 ஆனது. அவர்கள் எவ்வளவு குறைவாக எடுத்தாலும் ஒப்பந்த அளவில் 90 சதவீதத்துக்குக் கட்டியே ஆகவேண்டும்.

நிலைக்கட்டணமே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கம்பியும் டிரான்ஸ்பார்மரும் எங்களுக்காகத் தயாராக நிற்பதற்கு ஒரு செலவு உண்டு. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி அடித்தபோது இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. ரப்பர் மரங்கள் கம்பிமேல் விழுந்து கிடந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரிய ஊழியர்கள் சேற்றுக்குள் நின்று கம்பம் நட்டதைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்தச் செலவு எங்கேயாவது கணக்கில் ஏறித்தான் ஆகவேண்டும். ஆனால் 35 எப்படி ஒரே தாவலில் 150 ஆயிற்று?

ஆயிற்று, ஏனென்றால் 2014 டிசம்பருக்கும் 2022 செப்டம்பருக்கும் இடையில் யாரும் கட்டணத்தைத் தொடவில்லை. எட்டு வருடம் நிலக்கரி ஏறியது, சம்பளம் ஏறியது, வாங்கும் மின்சாரத்தின் விலை ஏறியது, பில் மட்டும் அப்படியே இருந்தது. அப்போது எங்களுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடையில் பற்று எழுதிச் சாமான் வாங்குகிறவனுக்கு மாதக் கடைசி வரை சந்தோஷம்தான். மின்வாரியத்தின் கடன் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டியது. 2017-இல், மின்வாரியங்களின் கடனைக் குறைக்க மத்திய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில், மாநில அரசு 22,815 கோடி ரூபாய்க் கடனைத் தன் தலையில் ஏற்றுக்கொண்ட பிறகும் இந்த நிலை. 2022-இல் கட்டணம் ஏற்றியபோது சொல்லப்பட்ட கணக்குப்படி வட்டி மட்டும் வருடத்துக்கு 16,000 கோடிக்கு மேல். இந்த 16,000 கோடியால் ஒரு பல்பும் எரியாது. பழைய பற்றுக்கான வட்டி, அவ்வளவுதான்.

நிலக்கரி வரும் வழியைப் பாருங்கள். ஒடிசாவில் வெட்டி, ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, கப்பலில் ஏற்றி, எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் இறக்கவேண்டும். தமிழ்நாட்டு மண்ணில் நெய்வேலியில் வெட்டுவது போன்ற பழுப்பு நிலக்கரியைத் தவிர வேறு இல்லை, எனவே இந்தப் போக்குவரத்துச் செலவைத் தப்பிக்க வழியில்லை. 2022-இல் உக்ரைன் போரால் உலகச் சந்தையில் நிலக்கரி விலை உச்சத்தில் இருந்தது. அந்த நேரம் பார்த்து வெளிநாட்டு நிலக்கரியை 10 சதவீதம் கலக்கச் சொல்லி மத்திய அரசு உத்தரவு போட்டது. எந்த ஊர்ச் சண்டையாக இருந்தாலும் கடைசியில் குளச்சல் ஐஸ் பாரில் வந்து உறைகிறது.

இதுவரை சொன்னதில் பாதி தலைவிதி, பாதி அரசியல். தலைவிதியோடு சண்டை போட எனக்கு நேரமில்லை. எனக்கு ஆத்திரம் வருவது தாமதத்தில்.

உடன்குடி எங்களுக்குத் தூரமில்லை. திருச்செந்தூர் போகிறவர்கள் கடந்துபோகிற ஊர். அங்கே 1,320 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்ட 2017 டிசம்பரில் பணி ஒப்படைத்தார்கள். குறித்த காலத்தில் முடியவில்லை. எண்ணூரில் அதே 1,320 மெகாவாட், 2014-இல் ஒப்படைத்தது, அதுவும் அப்படித்தான். முடியாத நிலையம் மின்சாரம் தராது, ஆனால் அதற்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஓடும். அந்த வட்டியும் கட்டுமானச் செலவில் சேர்ந்து, ஒருநாள் நிலையம் ஓடத் தொடங்கும்போது யூனிட் விலையாக எங்களிடம் வரும். அதுவரைக்கும் வெளியே வாங்கவேண்டும். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அப்படிப்பட்ட கோடை நாளில் அவசரத்துக்கு வாங்குகிறவனுக்கு யார் குறைத்துக் கொடுப்பார்கள்?

நீண்டகால ஒப்பந்தம் போட்ட தனியார் நிலையங்களுக்கோ, மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒரு நிலைச்செலவு கட்டவேண்டும். காற்று நன்றாக அடிக்கும் ஜூலையில் அனல்மின்சாரத்தைக் குறைத்தாலும் அந்தப் பணம் போய்க்கொண்டே இருக்கும். இதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஐஸ் கம்பெனியின் கதைதானே இது! என்ன, எங்களுக்கு இந்தச் செலவை இறக்கிவைக்க அடுத்த ஆள் இல்லை. வாரியத்துக்கு நாங்கள் இருக்கிறோம்.

அப்புறம் இந்தக் காற்று. எங்கள் ஊர்க் காற்று என்பதால் எங்களுக்குக் குறைத்துக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படிப் பார்த்தால் நெய்வேலிக்காரர் சும்மா இருப்பாரா? முப்பந்தல் காற்றாலைகளில் பல கோவை, திருப்பூர்ப் பக்கத்து மில்களுடையவை. அவர்கள் இங்கே உற்பத்தி செய்து அங்கே தங்கள் பில்லில் கழித்துக்கொள்கிறார்கள். துணிந்து முதல் போட்டவர்கள், அதில் எனக்குப் பொறாமை இல்லை. என் கேள்வி வேறு. தொண்ணூறுகளில் நிறுத்திய 225, 250 கிலோவாட் எந்திரங்கள் நல்ல காற்று அடிக்கும் இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு இன்னும் நிற்கின்றன. இப்போது வரும் ஒரே எந்திரம் அதைப்போலப் பத்து எந்திரத்தின் வேலையைச் செய்யும். 2017 பிப்ரவரியிலேயே காற்று மின்சாரம் ஏலத்தில் யூனிட் 3.46 ரூபாய்க்கு வந்துவிட்டது. பழையதை மாற்றுவதற்கான மாநிலக் கொள்கை வந்ததோ 2024-இல். காற்றில் மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றிவைத்து, சாயங்காலத் தேவைக்கு இறக்கி மின்சாரம் எடுக்கும் நீலகிரியின் 500 மெகாவாட் குந்தா திட்டமும் வருடக்கணக்காக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. எங்கள் கோதையாற்றில் 1970, 71-லேயே 100 மெகாவாட் நீர்மின் நிலையங்களைக் காட்டுக்குள் மலை ஏறிப்போய்க் கட்டி முடித்தார்களே, அவர்களிடம் என்ன கிரேன் இருந்தது?

கட்டணம் ஏறுவதற்குத் தேதி உண்டு, ஜூலை 1. உடன்குடிக்கு ஏன் அப்படி ஒரு தேதி இல்லை? குந்தாவுக்கு? பழைய காற்றாலையை மாற்றுவதற்கு? அந்தத் தேதி தவறினால் அந்த வருடத்து வட்டி எங்கள் பில்லில் ஏறாது என்று ஒரு வரி ஏன் எழுதக்கூடாது? எங்கள் கம்பெனி பில்லை ஒரு நாள் தாமதமாகக் கட்டினாலும் அபராதம் உண்டு. அதே கணக்கைத்தான் கேட்கிறேன்.

வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு குடும்பம், ஒரே மீட்டர். ஐம்பத்தைந்தாம் நாள் ஆனால் மைனி ஸ்டூல் போட்டு ஏறி மீட்டரைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். டிஜிட்டல் மீட்டரில் தேதி, நேரம், வோல்டேஜ் என்று ஒவ்வொன்றாக மாறி மாறி வரும். யூனிட் வரும்வரை கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்கவேண்டும். வந்ததும் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைப்பார். 480-ஐத் தாண்டினால் அன்றிலிருந்து கிரைண்டர் கிடையாது, பக்கத்துக் கடையில் மாவு. அயர்ன் பாக்ஸ் அலமாரிக்குள் போய்விடும்.

காரணம் இது. 2024 ஜூலைக் கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் 1,805 ரூபாய். 501 என்றால் 2,048 ரூபாய். கடைசி ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்! 500-க்கு மேல் போனால் 101 முதல் 200 வரைக்கான பாதி விலை போய்விடுகிறது, அதனால் இந்தக் கூத்து. அது அரசு மானியத்தின் எல்லை, நாங்கள் போட்ட கோடு இல்லை என்று நீங்கள் சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் அரசுக்கு ஆலோசனை சொல்லும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். நூறு யூனிட் இலவசத்தில் கைவைக்கச் சொல்லவில்லை. 501-இல் இருக்கும் அந்தப் பள்ளத்தைச் சரிவாக மாற்றச் சொல்லுங்கள், போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டணம் நிர்ணயிப்பதற்கு முன் மக்களின் ஆட்சேபத்தைப் பார்க்கவேண்டும் என்று 2003 மின்சாரச் சட்டம் சொல்கிறது. 2022-இல் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று ஊர்களில் கூட்டம் நடந்தது. எங்களுக்குப் பக்கத்தில் உள்ள மதுரையே நாகர்கோவிலிலிருந்து 240 கிலோமீட்டர். ஒரு நாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்கும் செலவழித்து, மைக் கிடைத்தால் இரண்டு நிமிடம் பேசிவிட்டு நடுராத்திரி வீடு திரும்ப யாரால் முடியும்? இப்போதைய ஏற்பாடு 2026-27-உடன் முடிகிறது. அடுத்த மனு வரும்போது நாகர்கோவிலில் ஒரு நாள் உட்காருங்கள். ஜூன், ஜூலையில் வைத்தால் நல்லது. தடைக்காலம், படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். வரும் வழியில் முப்பந்தலையும் பார்த்துவிடலாம்.

நானும் வருகிறேன், கணக்கு நோட்டோடு. 2022 ஆகஸ்ட் பில்லையும் அக்டோபர் பில்லையும் அதில் ஒரே பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஐஸ் கம்பெனிக் கணக்கன்,
குளச்சல்.