வந்தியத்தேவனுக்கு அப்புறம் யார்?

அன்புள்ள கயல்,

பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் முடித்துவிட்டு, “இனிமேல் எதைப் படித்தாலும் சப்பென்று இருக்கிறது சித்தப்பா” என்று புலம்பியிருந்தாய். எல்லோருக்கும் வருகிற நோய்தான். அதற்காக இன்னொரு சோழர் கதையைத் தேடி ஓடாதே. உன்னை அத்தனை பக்கமும் இழுத்துக்கொண்டு போனவன் அருள்மொழிவர்மன் இல்லை. ஓலை கொண்டுபோகிற வழியில், கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் ஒட்டுக்கேட்ட வந்தியத்தேவன். அரியணையில் உட்கார்ந்தவனைவிட அதன் பக்கத்தில் நின்றவனின் கதைதான் ருசி. அந்தக் கணக்கில் மூன்று சொல்கிறேன். மூன்றும் நாவலாகவும் உண்டு, தொடராகவும் உண்டு. எதை எதில் தொடங்குவது என்பதில்தான் சூட்சுமம்.

முதலில் ராபர்ட் கிரேவ்ஸ் 1934-ல் எழுதிய ‘ஐ, கிளாடியஸ்’. ரோம அரச குடும்பத்தில் திக்குவாயோடு, காலை இழுத்து நடக்கிற ஒரு பிள்ளை. மக்கு என்று வீட்டில் யாரும் அவனைச் சட்டை செய்வதில்லை. அதனாலேயே உயிர் தப்பி, கடைசியில் பேரரசனாகவும் ஆகிவிடுகிறான். இதைத் தொடராகவே முதலில் பார். பி.பி.சி. 1976-ல் எடுத்தது. போர்க்களம் கிடையாது, எல்லாம் ஸ்டுடியோவுக்குள்தான். ‘என்ன இது, பழைய தூர்தர்ஷன் நாடகமா’ என்று தோன்றும். பொறுத்துக்கொள். பேரரசன் அகஸ்டஸ் சாகும் இடம் வரட்டும். மனைவி லிவியா பேசிக்கொண்டே இருக்கிறாள். கேமரா நெடுநேரம் அவன் முகத்தை விட்டு நகர்வதில்லை. உயிர் எப்போது போனது என்று நாம் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருப்போம். அப்புறம் அவள் மகன் டைபீரியஸிடம், அந்த அத்திப்பழத்தை மட்டும் தொடாதே என்று போகிற போக்கில் சொல்கிறாள்! அத்திப்பழ விஷம் கிரேவ்ஸின் கற்பனையும் இல்லை, காசியஸ் டியோ என்ற பழைய வரலாற்றாசிரியர் எழுதிவைத்த வம்புதான். நாவலாசிரியர் வம்பை நம்பினால் நமக்கு லாபம்.

ஹிலரி மாண்டெலின் ‘உல்ஃப் ஹால்’ (2009, புக்கர் பரிசு) நேர்மாறு. இதில் புத்தகம்தான் முதலில். இங்கிலாந்து அரசன் எட்டாம் ஹென்றியின் வலது கையாக உயர்ந்த கொல்லன் மகன் தாமஸ் கிராம்வெல்லின் கதை. தொடக்கத்தில் அப்பன் உதைத்துத் தரையில் கிடக்கிறான், சிறு பையன். அவனுக்குத் தெரிவது அப்பனின் பூட்ஸில் பிரிந்து நிற்கும் தையல். அந்த நூலின் முடிச்சு புருவத்தைக் கிழிக்கிறது. ஒரு மந்திரியின் வாழ்க்கையை இவ்வளவு கீழிருந்து யாரும் தொடங்கி நான் படித்ததில்லை. 1540-ல் அவன் தலை போகும் என்பது வரலாறு தெரிந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாண்டெல் நிகழ்காலத்திலேயே எழுதுவதால் அவனுக்குத் தெரியாது. படிக்கும்போது நமக்கும் மறந்துபோகும். வெறுமனே ‘அவன்’ என்றால் பெரும்பாலும் கிராம்வெல்தான், அது பிடிபடும்வரை கொஞ்சம் தடுமாறுவாய். ‘உல்ஃப் ஹால்’ முதல் பாகம்தான், இந்த வரிசையில் மொத்தம் மூன்று நாவல். மூன்றையும் முடித்துவிட்டுத் தொடருக்குப் போ. 2015-ல் ஆறு பகுதி, 2024-ல் ஆறு. மெழுகுவத்தி வெளிச்சத்தில், மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்கும், கிராம்வெல்லாக நடித்த மார்க் ரைலன்ஸின் முகம் போதும். படிக்காமல் பார்த்தால் எந்தப் பிரபு யார் என்றே குழம்பும்.

மூன்றாவது ‘ஷோகன்’. 1600-ல் ஜப்பானில் கரையொதுங்கிய வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமியை வைத்து ஜேம்ஸ் கிளாவெல் 1975-ல் எழுதியது. ஆயிரம் பக்கத்துக்கு மேல், வற்புறுத்த மாட்டேன். 2024-ல் வந்த பத்துப் பகுதித் தொடர் போதும். 1980 தொடரில் ஜப்பானியப் பேச்சுக்குப் பெரும்பாலும் சப்டைட்டிலே கிடையாது, மாலுமியோடு சேர்ந்து நாமும் முழிக்க வேண்டியதுதான். புதியதில் அவன் முகத்துக்கு நேரே என்ன சதி பேசுகிறார்கள் என்பது நமக்குப் புரியும், அவனுக்குப் புரியாது. எனக்கு இதுதான் பிடித்தது.

‘உல்ஃப் ஹால்’ என்னிடம் இருக்கிறது, பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொள். இரண்டாவது பாகத்தை யாரோ வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை. நீ வாங்கினால் படித்துவிட்டு எனக்கும் கொடு.

அன்புடன்,
சித்தப்பா