ஆடும் கால் ஸ்டூலும் மைசூர் ராஜாவும்

ஈரோடு,
10 மே 2023

அன்புள்ள ராஜாவுக்கு,

நாற்பத்தைந்து வயதுப் பிள்ளையை இன்னும் இப்படிக் கூப்பிடுவதால்தான் போன ஞாயிற்றுக்கிழமை குட்டி என்னைத் தொலைபேசியில் மடக்கிவிட்டாள். “அப்பாவைத்தான் ராஜா ராஜா என்கிறீர்கள். நிஜ ராஜாவைப் பார்த்திருக்கிறீர்களா, பாட்டி?” முந்தின நாள்தான் சார்லஸுக்கு முடிசூட்டி, கொட்டும் மழையில் எட்டுக் குதிரை பூட்டிய தங்க வண்டியில் அழைத்துப் போனதை உங்கள் வீட்டு டிவியில் பார்த்திருக்கிறாள். “ஓ, ஏழு தடவை பார்த்திருக்கிறேன்” என்றேன். பின்னால் நீ சிரித்தது எனக்குக் கேட்டது. “நீ பிறந்ததே சுதந்திரம் வந்து ஒன்பது வருடம் கழித்து, அம்மா. உனக்கு ஏது ராஜா?” என்று வேறு கேட்டாய்.

அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய்.

மைசூரில் என் அப்பா, உன் தாத்தா, ரயில்வே பணிமனையில் டர்னராக, லேத் மெஷின் ஓட்டுபவராக இருந்தது உனக்குத் தெரியும். சட்டப்படி அங்கேயும் ராஜா இல்லைதான். ஜயசாமராஜ உடையார் சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்துவிட்டு, கவர்னர் போன்ற ராஜப்பிரமுகர் பதவியில் இருந்து, 1956 முதல் மாநில கவர்னராகிவிட்டார். தாத்தா அவரை ‘கவர்னர்’ என்றுதான் சொல்வார். 1964இல் அவரை மதராஸுக்கு கவர்னராக மாற்றியபோது, “எங்கள் ராஜாவை உங்களுக்குக் கொடுத்திருக்கிறோம், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று ஈரோட்டு உறவுக்காரர்களுக்கு என் அம்மா கார்டு எழுதினாள். ஊருக்கு அவர் எப்போதும் மகாராஜாதான். விஜயதசமியன்று தங்க அம்பாரியில் ஏறி யானைமேல் வருகிறவரை வேறு என்னவென்று சொல்வது?

தாத்தாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. தொழிற்சங்கக்காரர். பழைய மன்னர்களுக்கு அரசாங்கம் கொடுத்த ராஜ மானியம் மைசூருக்கு வருடத்துக்கு 26 லட்சம் ரூபாய். நாட்டின் மிகப் பெரிய மானியங்களில் அது ஒன்று. தாத்தாவின் சம்பளம் மாதம் 150. ஒரு தசராவின்போது சாக்கட்டியால் தரையிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். ராஜா ஒரு வருடம் வாங்குவதைத் தாத்தா வாங்க வேண்டுமானால் 1,444 வருடம் லேத் ஓட்ட வேண்டும். “அதற்குள் ரிட்டையர் ஆகிவிடுவீர்கள்” என்றாள் அம்மா, பூரணத்தை உருட்டிக்கொண்டே.

ஆனாலும் விஜயதசமி காலையில் எங்களுக்கு முன்னால் குளித்துவிட்டு நிற்பவர் அவர்தான். பணிமனையில் கழித்துப்போட்ட மரத்தில் தாமே செய்த ஸ்டூல் ஒன்று தோளில் இருக்கும். மூன்று கால் சரியாக நிற்கும், ஒன்று ஆடும். தேவராஜா மார்க்கெட்டை ஒட்டி சயாஜி ராவ் சாலையில் எட்டு மணிக்கே அதைப் போட்டு இடம் பிடித்துவிடுவோம். ஊர்வலம் அரண்மனையிலிருந்து கிளம்பி எங்களைத் தாண்டும்போது பிற்பகலாகிவிடும். அதுவரை புளியோதரைப் பொட்டலம், சுருமுரி, வெயில், சில வருடம் மழை. அண்ணனும் நானும் அந்த ஒரு ஸ்டூலில் முறை வைத்து நிற்போம். முறை என்பது பேச்சுக்குத்தான். கிள்ளினால் இறங்க வேண்டியது, அழுதால் ஏறலாம்.

முதலில் கொடி பிடித்த நிஷானி யானை, முரசு சுமந்த நௌபத் யானை, குதிரைப் படை, அரண்மனை பாண்டு. அதற்குள் கை தட்டிக் களைத்துப்போயிருப்போம். பிறகு ஒரு கணம் வரும் பார், அதை எழுதத்தான் எனக்கு வரவில்லை. சாலை முழுக்க வாயை மூடிக்கொள்ளும். யானையின் மணி மட்டும் கேட்கும். அது பக்கத்தில் வரும்போது ஆடும் கால் வழியாக ஸ்டூலில் லேசாக ஒரு அதிர்வு ஏறும். என் உள்ளங்காலில் அதை உணர்ந்திருக்கிறேன். அண்ணன் அதை நம்ப மாட்டான், நீயும் நம்ப வேண்டாம். பூவும் கொடியுமாக வண்ணம் எழுதிய தும்பிக்கை, தரையைத் தொடும் அளவுக்குத் தொங்கும் பட்டு, அதற்குமேல் 750 கிலோ என்று சொல்லும் அந்தத் தங்க அம்பாரி. மரச் சட்டத்தின்மேல் தகடு போர்த்தியது என்று தாத்தா எங்களுக்குத் திருத்தம் சொல்வார். உள்ளே பருத்த உடம்பும் தலைப்பாகையுமாக மகாராஜா, இரண்டு பக்கமும் மெல்லத் திரும்பிக் கைகூப்பியபடி போவார். அம்பாரிக்குள் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் இருக்கின்றன, ராஜா சுவிட்சைத் தட்டினால் மொத்த ஊர்வலமும் நிற்கும் என்று அண்ணன் அளப்பான்.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வாள். தாத்தா கும்பிட மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஆனால் மணிச்சத்தம் கேட்டதும் வாயிலிருந்த வெற்றிலையைச் சாக்கடையோரம் போய்த் துப்பிவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார். ஒவ்வொரு வருடமும்! அண்ணனும் நானும் அதற்காகவே அவரைக் கவனித்துக்கொண்டிருப்போம்.

ஊர்வலம் அங்கிருந்து பன்னிமண்டபம் போகும். அங்கே வன்னி மரத்துக்குப் பூஜை, இரவில் தீப்பந்த அணிவகுப்பு. அதைப் பார்க்க எங்களைக் கூட்டிப் போனதில்லை. அதற்குப் பதில் இருட்டியதும் அரண்மனை விளக்கு. இந்த அரண்மனையை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். பழைய மர அரண்மனை 1897இல் ஒரு கல்யாணத்தின்போது எரிந்துபோய், 1912இல் இது எழுந்தது. இதெல்லாம் பள்ளியில் படித்தது. அங்கே நிற்கும்போது இருட்டுதான் தெரியும். சட்டென்று அத்தனை பல்பும் ஒன்றாக எரிய, கூட்டம் “ஹோ” என்று கத்தும். எதற்கென்று தெரியாமல் எனக்கு அழுகை வரும்.

அம்மா ஒரு கதை சொல்வாள், ஆனால் தசரா பத்து நாளும் அதைச் சொல்லக் கூடாது. நகைக்காக மைசூர் அரசரின் ஆட்கள் துரத்திய அலமேலம்மா காவிரியில் குதிக்கும் முன் ஆற்றங்கரை ஊர்களையும் அரசரையும் சேர்த்துச் சபித்தாளாம்: தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசருக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும். முந்தைய ராஜாவுக்குப் பிள்ளை இல்லை. இவர் அவருடைய தம்பி மகன். இவருக்குப் பிள்ளைகள் உண்டு. “சாபம்கூட ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை லீவு போடுகிறது” என்பார் தாத்தா.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஏழு தடவை என்று குட்டியிடம் சொன்னேனே, ஆறுதான். 1963 முதல் 1968 வரை. 1969 தசராவுக்கு இரண்டு மாதம் முன்பு நான் பெரியவளாகியிருந்தேன். அன்று ஸ்டூலில் ஏறப்போனவளை அம்மா கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். “இனி நாலு பேர் பார்க்க இதிலெல்லாம் ஏறி நிற்காதே.” அண்ணன் மீசை அரும்பிய முகத்தோடு கம்பீரமாக ஏறி நின்றான். எனக்கு வந்த கோபத்தில் ஊர்வலத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கடைக்காரர் வாழைத்தாரைச் சீப்பாக அறுப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணிச்சத்தம் வந்தது, நெருங்கியது, போயிற்று. நான் திரும்பவில்லை. “அடுத்த வருடம் தெரிந்தவர் வீட்டு மாடியில் பார்க்கலாம், பெண்கள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள்” என்று அம்மா சமாதானம் சொன்னாள்.

அடுத்த வருடம் செப்டம்பரில், தசராவுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, மன்னர்களுக்கு இனி அங்கீகாரம் இல்லை என்று குடியரசுத் தலைவர் உத்தரவு வந்தது. உச்ச நீதிமன்றம் டிசம்பரில் அதை ரத்து செய்ததும், 1971இல் அரசியல் சட்டத்தையே திருத்தி மானியத்தை ஒழித்ததும் பிற்பாடு நடந்தவை. ராஜா பிறகு அம்பாரியில் ஏறவில்லை. சாமுண்டீஸ்வரி அம்மனை வைத்துத்தான் இன்றுவரை ஊர்வலம் நடக்கிறது. உத்தரவு வந்த அன்று தாத்தா செய்தித்தாளைச் சத்தமாகப் படித்துவிட்டு, “நியாயம்தான்” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்; இன்றைக்கும் அதில் மாற்றமில்லை. சாயங்காலம் அவர் அந்த ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டு, ஆடும் காலுக்கு ஆப்பு அடித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் இல்லாமல் இப்போது எதற்கு என்று அம்மா கேட்கவில்லை.

ராஜா 1974இல் இறந்துபோனார். வயது 55தான். அப்போது எனக்குப் பதினெட்டு. அந்த ஒரு நாள் கழுத்தைத் திருப்பியிருக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது.

குட்டியிடம் ஆறு என்று திருத்திச் சொல்லிவிடு. இங்கே பரணில் மைசூரிலிருந்து என் சீராக வந்த மரப்பாச்சி ஜோடி இருக்கிறது, பட்டத்து ராஜாவும் ராணியும். அந்த ஊரில் கொலுப் படியில் முதலில் ஏறுவது அவர்கள்தான். நவராத்திரிக்கு முன் வந்து சேரும்படி பார்சலில் அனுப்புகிறேன். உடை நான் தைத்துத் தருவேன், தலைப்பாகை மட்டும் அவள் கட்டட்டும். ராஜாவுக்கு மூக்கு நுனி இருக்காது. மூன்று வயதில் அவரை மாடிப்படியில் உருட்டிவிட்டது யார் என்று அவள் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவன் நீ.

அன்புடன்,
அம்மா