புகைப்படக் கலைஞர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பகுதிகளிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே சந்தா பாக்கி வைத்திருப்போர் இவ்வறிக்கை முடியும்வரை நிம்மதியாக இருக்கலாம்.

இவ்வாண்டின் மாதக் கூட்டங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளுக்குச் செலவாயின. படத்தில் உருவம் எவ்வளவு அடங்குகிறது என்பதைக் குறிக்கும் லாங் (தொலைவுக் காட்சி), மிட் (இடைநிலைக் காட்சி), குளோசப் (அண்மைக் காட்சி) என்ற சொற்களை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுபோலவே வழங்குகிறோம். ஆனால் ‘மிட்’ என்றால் ஒருவர் இடுப்போடும் மற்றவர் முழங்காலோடும் நிறுத்துவதால், உறுப்பினர் இருவர் சேர்ந்து எடுத்த திருமண ஆல்பம் ஒன்று பக்கத்துக்குப் பக்கம் ஒட்டாமல் போயிற்று. எனவே உச்சி முதல் பாதம்வரை அடங்கினால் முழு உருவம், இடுப்புவரை வந்தால் மிட், முகமும் தோளும் நிறைந்தால் குளோசப் என்று தீர்மானித்தோம். முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு ஆகிய மூட்டுகளில் படத்தின் விளிம்பு விழலாகாது என்பதும் சேர்க்கப்பட்டது.

வாதம் நீண்டது தூரத்தைப் பற்றியே. ஜூம் இருக்கும்போது நடப்பானேன் என்று இளைய உறுப்பினர்கள் கேட்டனர். தொலைவை நெருக்கிக் காட்டும் 85 மி.மீ. லென்ஸில் 1.2 மீட்டர் தள்ளி நின்று எடுத்த முகத்தையும், அகன்ற காட்சியைத் தரும் 28 மி.மீ. லென்ஸில் 40 செ.மீ.வரை நெருங்கி எடுத்த அதே முகத்தையும் அருகருகே வைத்துக் காட்டினோம். முகத்தின் அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டாவதில் மட்டும் மூக்கு புடைத்து, காதுகள் பின்வாங்கியிருந்தன. மூக்கு நுனிக்கும் காதுக்கும் சுமார் 12 செ.மீ. என்று கொண்டால், 1.2 மீட்டரில் அது நாம் நிற்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு, 40 செ.மீ.யிலோ மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. உருவத்தைக் கெடுப்பது லென்ஸ் அன்று, நாம் நிற்கும் இடம். தாலி கட்டும் நேரத்தில் மணமக்களின் மூக்கருகே கேமராவை நீட்டுவோர் இதனை மனத்தில் கொள்ள வேண்டுகிறேன். அட்சதை தூவிய உறவினர்கள் பின்னர் ஆல்பத்தில் தம் முகத்தைத் தேடும்போது நம் முதுகையே காண்கிறார்கள்.

லாங் ஷாட் பயிற்சிக்காக, 1904ஆம் ஆண்டு ரயில் ஓடத் தொடங்கிய புனலூர்–செங்கோட்டைப் பாதையில், கழுதுருட்டியருகே உள்ள பதிமூன்று கண் பாலத்துக்குச் சென்றோம். வளைவுகள் அனைத்தும் அடங்கும்வரை பின்னால் நடந்தவர்களுக்குப் பாலம் கிடைத்தது. ஆனால் தூணடியில் உறுப்பினர் ஒருவரை நிறுத்திய பிறகே அதன் உயரம் படத்தில் தெரிந்தது. குளோசப் பயிற்சிக்கு முன்பே சாரல் பிடித்துக்கொண்டதால், அப்பணி புதிய செயற்குழுவின் பொறுப்பில் விடப்படுகிறது.

இங்ஙனம்,
செயலாளர்