முனைவற்ற மூலக்கூறுகளும் ஒன்றையொன்று ஈர்க்கும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் மாணவர் இணைப்பில் வந்த மேல்நிலை வேதியியல் வினா-விடையில், ‘முனைவுள்ள மூலக்கூறுகளுக்கு இடையே ஈர்ப்பு உண்டு, முனைவற்றவற்றுக்கு இடையே இல்லை. ஆகவே முன்னவற்றின் கொதிநிலையே எப்போதும் அதிகம்’ என்று அச்சாகியிருந்தது. (ஒரு பக்கம் சற்று நேர்மின்னும் மறுபக்கம் சற்று எதிர்மின்னும் கொண்ட மூலக்கூறு முனைவுள்ளது; அப்படிப் பிரிவு இல்லாதது முனைவற்றது.) இதை அப்படியே மனப்பாடம் செய்யப்போகும் பிள்ளைகளை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

ஈர்ப்பே இல்லையென்றால் ஒரு பொருள் எவ்வளவு குளிர்ந்தாலும் வாயுவாகவே இருக்கும். எங்கள் குடியாத்தத்தில் தீக்குச்சிக்கு மருந்து முக்குவதற்கு முன் நுனியை மெழுகில் தோய்ப்பார்கள். அந்தப் பாரஃபின் மெழுகு வெறும் கார்பனும் ஹைட்ரஜனும்தான்; முனைவற்றது. வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயிலிலும் அது கட்டியாகவே கிடக்கிறதே! மூலக்கூறின் எலக்ட்ரான் மேகம் ஓயாமல் அசைகிறது. ஒரு கணம் அது ஒரு பக்கம் கூடினால், பக்கத்து மூலக்கூறிலும் ஓர் இருமுனையை (எதிரெதிர் மின்முனைகளின் இணையை) தூண்டிவிடும். அந்தக் கண நேர இருமுனைகள்தான் ஈர்க்கின்றன. 1930-இல் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் லண்டன் இதைக் குவாண்டம் கொள்கையைக் கொண்டு விளக்கினார். மூலக்கூறு நீள நீள, லண்டன் விசை எனப்படும் இந்த ஈர்ப்பும் வலுக்கும். மீத்தேன் மைனஸ் 161 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிட, அதே குடும்பத்து மெழுகு திடமாக இருப்பது அதனால்தான்.

‘எப்போதும்’ என்பதும் தவறு. முனைவுள்ள குளோரோஃபார்ம் 61 டிகிரியில் கொதிக்கிறது. கார்பன் டெட்ராகுளோரைடின் நான்கு பிணைப்புகளும் முனைவுள்ளவை. நான்முகி வடிவத்தால் அவை ஒன்றையொன்று ஈடுகட்ட, மூலக்கூறு முனைவற்றதாகிவிடுகிறது. ஆனால் அது கொதிப்பது 77 டிகிரியில்! குளோரின் அணு கூடுதலாக இருப்பதால் எலக்ட்ரான்களும் அதிகம். லண்டன் விசை முந்திக்கொள்கிறது.

முனைவுத்தன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. நீரும் மீத்தேனும் மூலக்கூறு நிறையில் ஏறக்குறைய ஒன்றுதான் (18, 16). அப்படியும் நீர் 100 டிகிரி வரை தாங்குவது ஹைட்ரஜன் பிணைப்பால், அதாவது ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜனை அடுத்ததன் ஆக்சிஜன் ஈர்ப்பதால். பழைய வட ஆற்காட்டில் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்டபோது, பட்டையின் துவர்ப்புப் பொருளான டானின் தோலிலுள்ள கொலாஜன் புரதத்தைப் பற்றியதிலும் இந்தப் பிணைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. ஒத்த அளவுள்ள மூலக்கூறுகளை ஒப்பிடும்போது மட்டுமே அந்த வினா-விடையின் விதி ஓரளவு பொருந்தும்.

பொதுத்தேர்வுக்கு முன் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். கூடவே பத்துப் பதினைந்து சேர்மங்களின் மூலக்கூறு நிறை, இருமுனை திருப்புத்திறன் (முனைவுத்தன்மையின் அளவு), கொதிநிலை மூன்றையும் ஓர் அட்டவணையாகப் போடுங்கள். பிள்ளைகளே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.