யார் மீது தவறு என்பதோடு நிறுத்தாதீர்கள், எது காயப்படுத்தியது என்பதையும் எழுதுங்கள்

சாலை விபத்துத் தரவுகளைப் பதிவு செய்வோருக்கும், தொகுத்து வெளியிடுவோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். நீங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து அறிக்கைகளைக் கடைசி இணைப்பு வரை படிப்பவர்களில் நானும் ஒருவன். காயங்களைப் பற்றிய தரவுகளைக் கணக்கிடுவது என் தொழில். எந்த நாட்டின் அறிக்கையை எடுத்தாலும் என் கண் முதலில் போய் நிற்பது ‘விபத்துக்கான காரணம்’ என்ற அட்டவணையில்தான். அதிவேகம், கவனக்குறைவு, மது, சிவப்பு விளக்கை மீறியது என்று வரிசை நீள்கிறது. பெரும்பாலும் ஓட்டுநரின் தவறு முதலிடத்தில் இருக்கிறது. அந்த அட்டவணைக்கு அப்பால் உங்கள் பதிவேடு செல்ல வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் சாலையில் இறந்தவர்கள் ஏறத்தாழ 11.9 லட்சம் பேர். 5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் இதுவே. இறந்தோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பாதசாரிகள், சைக்கிளில் செல்வோர், மோட்டார் சைக்கிளில் செல்வோர். காயமடைந்தோர் எத்தனை பேர் என்று கேட்டால் ஆண்டுக்கு 2 கோடி முதல் 5 கோடி வரை என்று பதில் வருகிறது. இரண்டுக்கும் இடையே 3 கோடி மனிதர்கள் இருக்கிறார்கள். கால் இழந்தவர், தண்டுவடம் முறிந்தவர், தலைக்காயத்துக்குப் பின் சொந்தப் பிள்ளையின் பெயரை மறந்தவர் எல்லாரும் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறார்கள். ஒரு தொற்றுநோயின் கணக்கில் இவ்வளவு பெரிய ஓட்டை இருந்தால் எந்தச் சுகாதாரத் துறையும் அதைத் தாங்கிக்கொள்ளாது.

இந்த ஓட்டைக்கு உங்கள் ஊழியர்களின் சோம்பல் காரணம் அல்ல. சம்பவ இடத்தில் முதலில் பேனாவை எடுப்பவர் காவலர். சட்டத்தின் பொருட்டு யார் குற்றவாளி என்று அவர் எழுதியாக வேண்டும், அது அவர் கடமை. வழக்குக்காக எழுதப்பட்ட அதே தாளைச் சுகாதார ஆய்வின் அடிப்படைத் தரவாகவும் நாம் எடுத்துக்கொள்வதுதான் சிக்கல். அங்கே கேட்கப்படாத கேள்விக்கு எந்தப் புள்ளியியல் முறையாலும் பிறகு விடை காண முடியாது.

இதனால் விளையும் கேட்டுக்கு அமெரிக்காவில் நல்ல உதாரணம் இருக்கிறது. 2005 முதல் 2007 வரை திரட்டிய விபத்துத் தரவுகளை வைத்து 2015-இல் அந்நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் ஒரு சுருக்க அறிக்கை வெளியிட்டது. மோதலுக்கு முந்தைய நிகழ்ச்சிச் சங்கிலியின் கடைசிக் கண்ணி 94 சதவீத நேர்வுகளில் ஓட்டுநரிடம் இருந்தது என்றது அறிக்கை. அதையே விபத்தின் காரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் அதிலேயே எச்சரிக்கை இருந்தது. எச்சரிக்கை மறைந்தது, 94 மட்டும் ஊர் ஊராகச் சென்றது. மனிதத் தவறே எல்லாம் என்றால் சாலையின் அகலத்தையோ, வாகனத்தின் முகப்பையோ, ஆம்புலன்ஸ் வந்த நேரத்தையோ யார் கேட்கப்போகிறார்கள்?

இதற்கு மாற்றான பாதையை வெகு காலத்துக்கு முன்பே போட்டுவிட்டார்கள். 1917-இல் விமானப் பயிற்சியில் இருந்த ஹியூ டீஹேவன் நடுவானில் நடந்த மோதலில் விழுந்து உயிர் தப்பினார். தன் வயிற்றுக்குள் ஏற்பட்ட காயங்களுக்கு இடுப்புப் பட்டையின் கொக்கியே காரணம் என்று அவர் கருதினார். விமானம் ஏன் விழுந்தது என்பதைவிட, விழுந்தபோது உடலைக் கிழித்தது எது என்பதே அவரைப் பிடித்துக்கொண்டது. 50 அடி முதல் 150 அடி வரை உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களை ஆராய்ந்து 1942-இல் ஒரு கட்டுரை எழுதினார். விசை எவ்வளவு பரப்பில், எவ்வளவு தூரத்தில் பரவுகிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார். பின்னர் மருத்துவர் வில்லியம் ஹேடன் இந்தச் சிந்தனையை ஓர் அட்டவணையாக்கினார். விபத்துக்கு முன், விபத்தின்போது, விபத்துக்குப் பின் என்று மூன்று வரிசைகள். மனிதர், வாகனம், சூழல் என்று மூன்று நெடுவரிசைகள். ஒன்பது கட்டங்களில் எங்கே கை வைத்தாலும் ஓர் உயிரைக் காக்க வழி உண்டு. உங்கள் காரண அட்டவணையை அதன் மேல் வைத்துப் பாருங்கள். ‘விபத்துக்கு முன், மனிதர்’ என்ற முதல் கட்டத்தில்தான் ஏறக்குறைய எல்லாமே குவிந்திருக்கும்.

மற்ற எட்டுக் கட்டங்களையும் நிரப்பியவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்கிறேன். 1990-களில் அமெரிக்காவில் ஏர்பேக் பரவலானபோது, மெதுவாக நடந்த மோதல்களிலும் சில குழந்தைகளும் உயரம் குறைந்த ஓட்டுநர்களும் இறந்தார்கள். அந்த வேகத்தில் யாரும் சாகக் கூடாது. ஒவ்வொரு மரணத்திலும் இறந்தவரின் உயரம், அமர்ந்திருந்த இடம், சீட் பெல்ட் நிலை, காயம்பட்ட உறுப்பு ஆகியவற்றைத் தனித்தனியே பதிவு செய்ததால்தான் கொன்றது ஏர்பேக் விரியும் வேகம் என்பது துலங்கியது. 1998 மாதிரிக் கார்கள் முதல் அந்த வேகம் குறைக்கப்பட்டது, குழந்தைகளைப் பின்னிருக்கைக்கு மாற்றும் பிரசாரமும் வலுத்தது. தவறு யார் மீது என்ற பெட்டி மட்டும் இருந்திருந்தால், அந்த மரணங்கள் முன்னால் சென்ற வண்டியை இடித்த ஓட்டுநரின் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கும்.

இன்னொன்று. 2011-இல் வெளியான ஓர் ஆய்வு அமெரிக்க விபத்துத் தரவுகளை எடுத்து, சீட் பெல்ட் அணிந்த பெண் ஓட்டுநர்களையும் ஆண் ஓட்டுநர்களையும் ஒப்பிட்டது. மோதலின் கடுமை போன்றவற்றைச் சமன்செய்த பிறகும் பெண்களுக்குக் கடுங்காயம் ஏற்படும் சாத்தியம் 47 சதவீதம் அதிகமாக இருந்தது. மோதல் சோதனைகளில் பல காலமாக அமர்த்தப்பட்டுவந்த பொம்மை சுமார் 78 கிலோ எடையுள்ள சராசரி ஆணின் உருவம் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். காயமடைந்தவரின் பாலினத்தையும் காயத்தின் தீவிரத்தையும் ஒரே வரியில் எழுதாத பதிவேட்டில் இந்த அநீதி கண்ணுக்கே படாது.

தீவிரம் என்றதும் உங்கள் படிவங்களில் உள்ள ‘படுகாயம்’, ‘லேசான காயம்’ என்ற இரண்டு பெட்டிகளுக்கு வருகிறேன். கை எலும்பு முறிந்தவரும் மூளையில் இரத்தம் கசிந்தவரும் ஒரே பெட்டியில் விழுகிறார்கள். இரவு நேரத்தில், நடுத்தெருவில், மருத்துவம் படிக்காத ஒருவர் அதைப் பிரித்தறிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. மருத்துவமனையில் அதற்கு 1974 முதலே ஓர் அளவுகோல் இருக்கிறது. சூசன் பேக்கர் என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் உருவாக்கிய காயத் தீவிர மதிப்பெண் அது. வெவ்வேறு உடற்பகுதிகளில் ஏற்பட்ட மிகக் கடுமையான மூன்று காயங்களின் தீவிரத் தர எண்ணை வர்க்கமாக்கி, அதாவது அதே எண்ணால் பெருக்கி, கூட்டுகிறார்கள், உச்சம் 75. குறைகள் உண்டு. ஒரே பகுதியில் இரண்டு கடுங்காயங்கள் இருந்தால் ஒன்றைத்தான் அது எண்ணும். இருந்தாலும், இரண்டு பெட்டிகளோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல்.

ஆகவே காவல்துறைப் பதிவையும் மருத்துவமனைப் பதிவையும் இணையுங்கள். என் முதல் கோரிக்கை இது, மற்றவை இதற்குப் பின்னால்தான் வரும். சைக்கிளிலிருந்து தானே சறுக்கி விழுந்தவர் காவலரிடம் போவதில்லை. சம்பவ இடத்திலேயே இறந்தவர் அவசர சிகிச்சைப் பிரிவின் ஏட்டில் இருப்பதில்லை. பல வாரம் படுக்கையில் கிடந்து இறந்தவரை, 30 நாட்களுக்குள் நிகழும் மரணத்தை மட்டும் எண்ணும் கணக்கு விட்டுவிடுகிறது. இரண்டு பட்டியல்களிலும் உள்ளவர்கள் எத்தனை பேர், ஒன்றில் மட்டும் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தால், இரண்டிலும் வராதவர்களைக்கூட மதிப்பிட வழி இருக்கிறது. விலங்குகளைப் பிடித்து அடையாளமிட்டு விட்டு மீண்டும் பிடித்து எண்ணும் சூழலியலாளர்களின் முறைதான் அது. கடுங்காயம் பட்டவர் இரண்டு பட்டியலிலும் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், தீவிரம் வாரியாகப் பிரித்தே கணக்கிட வேண்டும். அதற்கும் காயத்தின் தீவிரம் தெரிந்தாக வேண்டும். பெயர், முகவரி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஆய்வாளர்களுக்குத் தருவது முடியாத காரியமல்ல, பல நாடுகளில் நடக்கிறது.

இருக்கும் தரவு அரைகுறையானாலும், எழுதப்பட்டது நேர்மையாக இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குச் சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர் லியோனார்ட் எவன்ஸ் 1980-களில் செய்த ஆய்வு எனக்கு மிகப் பிடித்த சான்று. அமெரிக்காவின் உயிரிழப்பு விபத்துப் பதிவேடு 1975 முதல் இருக்கிறது. ஒருவராவது இறந்த விபத்துகள் மட்டுமே அதில் உண்டு. சீட் பெல்ட் உயிர் காக்கிறதா என்று அதை வைத்து எப்படிச் சொல்வது? பெல்ட் அணிபவர் இயல்பிலேயே நிதானமாக ஓட்டுபவராக இருக்கலாம், அவருக்கு நேரும் மோதல்களே மிதமானவையாக இருக்கலாம். எவன்ஸ் ஒரே காரில் அருகருகே அமர்ந்திருந்த இருவரை எடுத்துக்கொண்டார். ஒரு தொகுப்பில் பெல்ட் அணிந்த ஓட்டுநரும் அணியாத பயணியும், இன்னொன்றில் இருவருமே அணியாதவர்கள். பயணிகளின் மரணங்களை அளவுகோலாக வைத்து, ஒவ்வொரு தொகுப்பிலும் ஓட்டுநர் மரணங்களை அதனால் வகுத்து, இரண்டு விகிதங்களையும் ஒப்பிட்டார். மோதல் எவ்வளவு கடுமையானது என்ற சிக்கல் தானே கழிந்துபோனது, ஏனென்றால் இருவரும் அதே காரில் இருந்தவர்கள். பெல்ட் இறப்பு அபாயத்தைச் சுமார் 40 சதவீதம் குறைக்கிறது என்ற விடை கிடைத்தது. யார் எங்கே அமர்ந்திருந்தார், அணிந்திருந்தாரா என்ற இரண்டு விவரங்களை யாரோ ஒரு காவலர் சிரத்தையோடு எழுதியதால் இது சாத்தியமானது. உங்கள் ஊழியர்களின் கையெழுத்துக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது. இதை அவர்களிடம் சொல்லுங்கள். தாங்கள் எழுதியது எங்கே போகிறது என்று தெரிந்தால், ‘தெரியவில்லை’ என்ற பெட்டியில் அவர்கள் இடும் குறிகள் குறையும் என்று நம்புகிறேன்.

வேகத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். சராசரி வேகம் 1 சதவீதம் ஏறினால் உயிரிழப்பு விபத்தின் அபாயம் ஏறத்தாழ 4 சதவீதம் ஏறுகிறது என்பது உலக சுகாதார நிறுவனம் எடுத்தாளும் கணக்கு. ‘வரம்பு மீறினாரா, இல்லையா’ என்ற ஆம்-இல்லைக் கேள்விக்குள் இது அடங்காது. வரம்புக்குள் ஓடும் வாகனங்களும் கொல்கின்றன. அந்தச் சாலையில் வாகனங்கள் உண்மையில் ஓடும் வேகத்தை அளந்து பதிவோடு சேர்த்துத் தாருங்கள்.

பின்னத்தின் கீழே இருக்க வேண்டிய எண் இல்லாமல் மேலே உள்ள எண்ணை மட்டும் வெளியிடுவதையும் கைவிட வேண்டும். எத்தனை பாதசாரிகள் இறந்தார்கள் என்று சொல்கிறீர்கள். எத்தனை பேர் எவ்வளவு தூரம் நடந்தார்கள்? யாரும் இறங்கி நடக்கத் துணியாத சாலைதான் பட்டியலில் மிகப் பாதுகாப்பானதாகத் தெரிகிறது.

கடைசியாக, அபாய இடங்களைத் திருத்திய பின் நீங்கள் வெளியிடும் வெற்றி அறிவிப்புகள். ஓர் ஆண்டில் விபத்து மிகுந்த சந்திப்புகளைத் தேர்ந்தெடுத்தால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த ஆண்டு அவற்றில் பலவற்றில் எண்ணிக்கை குறையும். தற்செயலாக ஏறியது தன் சராசரிக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். இதைத் திருத்திக் கணக்கிடும் முறைகளை எஸ்ரா ஹவர் போன்ற சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வகுத்துத் தந்துவிட்டார்கள். ஒரே ஆண்டை மற்றோர் ஆண்டோடு ஒப்பிடாமல், திருத்தப்படாத ஒத்த சந்திப்புகளையும் பல ஆண்டுத் தரவையும் சேர்த்து வெளியிடுங்கள். பயனற்ற ஒரு திருத்தம் வெற்றி என்று பெயர் வாங்கினால், அதே பணத்தில் காப்பாற்றியிருக்கக்கூடியவர்கள் வேறொரு சந்திப்பில் இறப்பார்கள்.

படிவத்தை அடுத்த முறை திருத்தும்போது அவசர சிகிச்சை மருத்துவர் ஒருவரையும் புள்ளியியலாளர் ஒருவரையும் அந்த மேசையில் அமர்த்துங்கள். பதிவேடுகள் இணைந்து முதல் தொகுப்பு வரும் நாளில், அதைச் சரிபார்த்துத் தர என்னைப் போன்ற பலர் ஊதியம் கேட்காமல் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
காயத் தரவுகளோடு பணிபுரியும் ஒரு புள்ளியியலாளன்