எங்கள் மகளுக்காக ஓடிவந்த அனைவருக்கும்

மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கும் உடன்பிறப்புகளுக்கும் வணக்கம்.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து எங்கள் பச்சிளம் மகள் நலமாக வீடு வந்து சேர்ந்துவிட்டாள். உதவிய ஒவ்வொருவரையும் நேரில் கண்டு நன்றி சொல்ல இயலாததால் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் கிராம சுகாதாரச் செவிலியர் அக்காவுக்கு. என் இரத்தம் பி நெகட்டிவ், கணவருடையது பி பாசிட்டிவ் என்று அறிந்ததும், முன்பு நான்காம் மாதத்தில் கரு கலைந்தபோது ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்றுதான் அவர் கேட்டார். அன்று வெளியூரில் என்னைப் பார்த்த மருத்துவமனையில் அந்த ஊசியைப் பற்றி எவரும் பேசியதில்லை. குழந்தையின் பாசிட்டிவ் அணுக்கள் நெகட்டிவ் தாயின் இரத்தத்தில் கலந்தால், அவற்றை அழிக்கும் எதிர்ப்பொருள்களைத் தாயின் உடல் உண்டாக்கக்கூடும் என்பதையும், 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் பெரும்பாலும் அதைத் தடுத்துவிடலாம் என்பதையும், உண்டாகிவிட்ட பின் ஊசியால் பயனில்லை என்பதையும் அவர்தான் எனக்கு விளக்கினார். அந்த எதிர்ப்பொருள்கள் உண்டாகிவிட்டனவா என்று காட்டும் கூம்ப்ஸ் பரிசோதனைக்கும் அவரே விடாப்பிடியாக அனுப்பினார். முடிவு பாசிட்டிவ், அதாவது அவை உண்டாகிவிட்டன என வந்தது. அந்த ஊசி 1968 முதல் உலகில் புழக்கத்தில் இருக்கிறது என்று பிற்பாடு அறிந்தபோது எனக்கு வந்த கோபத்தை நன்றி மடலில் எழுதுவது முறையாகாது.

அந்த எதிர்ப்பொருள்கள் பிள்ளையின் இரத்த அணுக்களை அழிக்கக்கூடும் என்பதால், மகப்பேறு மருத்துவர்கள் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் மூலம் கருவில் இரத்தசோகை ஏற்படுகிறதா என்று தொடர்ந்து கண்காணித்தார்கள். பிறந்த அன்றே பிள்ளை மஞ்சளாகிவிட்டாள். இளவெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று சொன்ன எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் முகம் சுளிக்காமல், முதல் நாளிலேயே தோன்றும் மஞ்சள் சாதாரணமானதல்ல, மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் மிகுந்தால் மூளையைப் பாதிக்கும் என்று எடுத்துச் சொன்ன குழந்தைகள் நல மருத்துவரின் பொறுமையை என்னால் மறக்க இயலாது.

நீலவிளக்குச் சிகிச்சைக்கும் பிலிருபின் கட்டுப்படாமல் இரத்த மாற்றம் தேவைப்பட்டது. நம் நாட்டில் நூற்றில் ஏறத்தாழ ஐந்து பேருக்கே நெகட்டிவ் இரத்தம். எங்களுக்கு வேண்டியதோ அதிலும் ஓ வகை. எங்கள் தேவாலயப் பங்கு இளைஞர்கள் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிய இரவிலேயே, முகம்கூடத் தெரியாத இருவர் வந்து நின்றார்கள். ஒருவர் குளச்சலில் கடலுக்குப் போக வேண்டியவர், எங்களுக்காகக் கரையில் தங்கிவிட்டார். மற்றவர் குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, வண்டிக்கூலியை மறுத்து ஒரு சாயா மட்டும் குடித்துவிட்டு, விடியுமுன் மரத்தடியில் நிற்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். அந்த இரத்தத்தைச் சோதித்து, என் இரத்தத்தோடு பொருத்திப் பார்த்துக் கொடுத்த இரத்த வங்கி ஊழியர்களை நாங்கள் பார்த்ததுகூட இல்லை. அவர்களுக்கும் இம்மடல் சேரட்டும். தொப்புள்கொடி இரத்தக்குழாய் வழியே கொஞ்சம் எடுத்துக் கொஞ்சம் செலுத்தி, பிள்ளையின் உடலில் இருக்கும் அளவைப்போல் இரு மடங்கு இரத்தத்தை மாற்றிய நேரம் முழுவதும், ஒவ்வோர் ஊசிக் குழலின் அளவையும் தவறாமல் குறித்துக்கொண்டு நின்ற செவிலியர் சகோதரிக்குத் தனியாக என் வணக்கம்.

பிள்ளையின் உடலில் எஞ்சியுள்ள எதிர்ப்பொருள்களால் இன்னும் சில வாரங்களுக்கு இரத்தசோகை வரக்கூடும் என்பதால் ஹீமோகுளோபின் பரிசோதனை தொடர்கிறது. காது கேட்கும் திறனையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மீண்டும் இரத்தம் தேவைப்பட்டால் அழைக்குமாறு குலசேகரத்து அண்ணன் கூறியிருக்கிறார். அவரும் குளச்சல் தம்பியும் பெயர்சூட்டுக்குக் குடும்பத்தோடு வந்து பிள்ளையை வாழ்த்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
ஒரு தாய்,
திங்கள்சந்தை.