அனிமே படங்களுக்கு வட்டும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர்த் திரையரங்குகளில் அனிமே எனும் ஜப்பானிய உயிரோவியப் படங்கள் இப்போது நன்றாகவே ஓடுகின்றன. 2025ல் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசல்’ பார்க்கப் போனபோது பள்ளிப் பிள்ளைகள், வேலை முடித்து வந்தவர்கள், குடும்பமாக வந்தவர்கள் என்று எல்லா வயதினரையும் பார்த்தேன், மனதுக்கு நிறைவாக இருந்தது. என் கவலையெல்லாம் அதற்கு அப்புறம் நடப்பதைப் பற்றித்தான். ஓடி முடிந்த படத்தை டிவிடி, புளூ-ரே வட்டாக விலைக்கு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள இங்கே வழியே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

ஜப்பானில் படம் வந்தால் வட்டும் பின்னாலேயே வரும். ‘டீமன் ஸ்லேயர்’ வரிசையின் ‘முகென் டிரெய்ன்’ 2020 அக்டோபரில் திரைக்கு வந்தது, 2021 ஜூனில் வட்டு வந்துவிட்டது. ‘யுவர் நேம்’ படத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. இவாங்கெலியன் கடைசிப் படத்துக்கு இரண்டு வருடம். எவ்வளவு தாமதமானாலும் ரசிகர்கள் காத்திருந்து வாங்குகிறார்கள். இங்கேயோ எச்எம்வி வட்டுக் கடை 2015ல் மூடியதிலிருந்து, நேரில் போய் எடுத்துப் பார்த்து வாங்கும் கடைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவிட்டன.

“அதான் நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறதே” என்பார்கள். ஜப்பானின் கிப்லி நிறுவனப் படங்கள் 2020 முதல் அங்கே இருப்பதால் பலர் முதன்முறையாகப் பார்த்தார்கள், நல்லதுதான். ஆனால் மாதக் கட்டணம் கட்டிப் பார்ப்பது நம் சொத்து ஆகாது. ஃபனிமேஷன் என்ற அனிமே இணையச் சேவை 2024 ஏப்ரலில் மூடப்பட்டபோது, வட்டோடு வந்த குறியீட்டைப் போட்டு மின்னிலக்கப் பிரதிகளைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் அத்தனையையும் இழந்தார்கள், அவை அதன் இடத்துக்கு வந்த கிரஞ்சிரோல் சேவைக்கு மாற்றப்படவே இல்லை. அதே படத்தின் வட்டு அலமாரியில் இருந்தால் இன்றைக்கும் ஓடும்.

தரத்தையும் சொல்லியாக வேண்டும். ஓர் இரவுக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியர் வானத்தை நீலத்திலிருந்து கருப்புக்கு மெல்ல மெல்ல இறக்கியிருப்பார், இணையத்தில் பார்க்கும்போது அது பட்டை பட்டையாக உடைந்து தெரியும், தொலைக்காட்சி பெரிதாக இருந்தால் இன்னும் மோசம். புளூ-ரே வட்டில் படத்துக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை இடம் இருப்பதால் அந்த இறக்கம் பெரும்பாலும் அப்படியே கிடைக்கும். கிப்லியின் ஜப்பானிய வட்டுகளில் முழுப் படத்தின் ஸ்டோரிபோர்டையும் (காட்சிகளுக்கு முன்கூட்டியே வரைந்த மாதிரிப் படங்கள்) ஓடவிட்டுப் பார்க்கலாம், பென்சில் கோடு எப்படிக் காட்சியானது என்று. படம் வரையப் பழகும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

வட்டு எந்த நாட்டுக் கருவியில் ஓடும் என்பதை மண்டலம் மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். புளூ-ரேயில் நாம் ஜப்பான், அமெரிக்காவோடு ஒரே ‘ஏ’ மண்டலம் என்பதால் அங்கே வாங்கும் வட்டு இங்கே ஓடும் (டிவிடியில் ஜப்பான் 2, நாம் 3, அது வேறு தொல்லை). ஆனால் ஜப்பானிய வட்டுகள் விலை அதிகம், பலவற்றில் ஆங்கில சப்டைட்டிலும் கிடையாது. அஞ்சல் செலவு இருக்கிறது, 2023 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் ஜிஎஸ்டி உண்டு. எனக்கு வந்த ஒரு பெட்டியில் வட்டு உறையிலிருந்து கழன்று, ஓரம் முழுக்கக் கீறல். திருப்பி அனுப்பும் செலவு வட்டின் விலையைவிட அதிகம் என்பதால் அப்படியே கிடக்கிறது. உள்ளூர்க் கடையாக இருந்தால் மறுநாளே கொண்டுபோய் மாற்றியிருப்பேன்.

தமிழ் வாசகர்களிடம் இதைப் பேச இன்னொரு காரணமும் இருக்கிறது. ‘இன்ஃபினிட்டி காசல்’ இந்தியாவில் தமிழிலும் திரையிடப்பட்டது. ஜப்பானிய இயக்குநர் யூகோ சாகோ, இந்திய உயிரோவியக் கலைஞர் ராம் மோகன் கூட்டணியில் உருவான 1993ஆம் ஆண்டு ராமாயண அனிமே, 4கே தரத்தில் புதுப்பிக்கப்பட்டு 2025 ஜனவரியில் அங்கே தமிழிலும் வந்தது. ஆக, தமிழ் ஒலிப்பதிவு ஏற்கெனவே தயார். ஒரே வட்டில் பல மொழி ஒலித்தடங்களை வைக்க முடியும்போது, ஜப்பானியத்துடனும் ஆங்கிலத்துடனும் தமிழும் இருந்தால் சப்டைட்டில் வேகத்துக்குப் படிக்க முடியாத என் பாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் இப்படி எத்தனையோ பாட்டிகள், தாத்தாக்கள்.

படங்களை இங்கே கொண்டுவரும் நிறுவனங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: சட்டை, சாவிக்கொத்து விற்கும் திரையரங்கு முகப்பிலேயே வட்டுக்கும் முன்பதிவு எடுங்கள். முன்பணம் கட்டச் சொன்னாலும் சரி, எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு அத்தனை மட்டும் தருவியுங்கள். பத்துப் பேர் வந்தாலும் அதில் நான் ஒருத்தி.

இப்படிக்கு,
ஓர் அனிமே ரசிகை,
ஈசூன்